உவர் எல்லை: யாழ்ப்பாணக் குடாநாட்டின் நீர், உப்பு, சமூக உறவுகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

இலங்கையின் பொருளாதார வரலாற்றை ஆராய்ந்தோர் நீரைப் பற்றி எழுதும்பொழுது பெரும்பாலும் குளங்களைப் பற்றியே எழுதியுள்ளனர். கார்ல் விற்போகல் 1957இல் வெளியிட்ட 'கீழைத்தேயக் கொடுங்கோன்மை' என்னும் நூல், பெரும் நீர்ப்பாசன வேலைகளை நடத்தவேண்டிய தேவையே ஆசியச் சமுதாயங்களில் எதேச்சாதிகார அரசைத் தோற்றுவித்தது என வாதிட்டது. எட்மண்ட் லீச் 1959இல் இலங்கைச் சான்றுகளைக் கொண்டு அவ்வாதத்தை எதிர்த்தார். ஆர். ஏ. எல். எச். குணவர்த்தன 1971இல் அவ்விவாதத்தை மேலும் வளர்த்தெடுத்தார். எனினும் இவ்விவாதம் இராசரட்டையின் குளங்களையும் கால்வாய்களையும் சுற்றியே நிகழ்ந்தது. வற்றாத ஆறோ பெருங்குளமோ இல்லாதிருந்தும் செறிந்த குடித்தொகையையும் செறிந்த பயிர்ச்செய்கையையும் கொண்டிருந்த யாழ்ப்பாணக் குடாநாடு அதனுள் இடம்பெறவில்லை.

இவ்விடுபாட்டுக்குக் காரணம் உண்டு. குடாநாட்டின் நீர் நிலத்தின் கீழே கிடப்பது. அதனை வெளிக்கொணர்ந்தது ஆயிரக்கணக்கான கிணறுகள். குளங்கட்டிய மன்னனுக்குக் கல்வெட்டு உண்டு. கிணறு வெட்டிய கூலியாளுக்குக் கல்வெட்டு இல்லை. ஆதலால் வரலாற்றாசிரியர் வழக்கமாகத் தேடும் சான்றுகளுள் இந்நீர் அகப்படுவதில்லை.

குடாநாட்டின் நீர் வரலாறு நன்னீரின் வரலாறு மட்டுமன்று என்பதும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. யாழ்ப்பாணக் கடல்நீரேரி, உப்பாற்று நீரேரி, வடமராட்சி நீரேரி, ஆனையிறவு நீரேரி என்பன இந்நிலத்தை ஊடறுத்துக் கிடக்கின்றன. கோடையில் இவற்றுட் சில கடலினும் உவர்ப்பு மிகுந்தனவாகி, ஓரங்களில் உப்புப் பூக்கும் நிலையை அடைகின்றன. நன்னீரும் உவர்நீரும் இங்கு அருகருகே மட்டுமன்றி மேலுங் கீழுமாகவும் கிடக்கின்றன. அவற்றுக்கிடையிலான எல்லை எங்கே கிடக்கிறது, யாரால் நகர்த்தப்பட்டது, நகர்ந்தபொழுது நன்மை பெற்றவர் யார், தண்ணீரிழந்தவர் யார் என்னும் வினாக்களை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அவ்வெல்லை பௌதிக, இரசாயன விதிகளுக்கு உட்பட்டது. ஆயினும் அவ்விதிகள் தொழிற்படும் நிலைமைகளைத் தீர்மானித்தவை சமூக உறவுகளே என்பது எமது கருத்து.

2

முதலில் இயற்கை நிலைமையை நோக்குவோம். குடாநாடு மயோசீன் காலச் சுண்ணக்கல்லின் மேல் அமைந்தது. வெடிப்புகளும் குகைகளும் நிறைந்த இக்கல் மழைநீரை விரைந்து உட்கொள்கிறது. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,200 முதல் 1,300 மில்லிமீற்றர் வரை பெய்யும் மழையிற் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையிலான வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்திலேயே கிடைக்கிறது. மழைக்காலத்தில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றைத் தவிர்த்தால் ஆறென்று சொல்லத்தக்கது வேறில்லை. நிலத்துட் புகுந்த மழைநீர், கீழே கடலுடன் தொடர்புற்றுக் கிடக்கும் உவர்நீரின் மீது மிதந்து நிற்கிறது. நடுவிலே தடித்தும் ஓரங்களிலே மெலிந்தும் உள்ள ஒரு வில்லையின் வடிவினை அது கொண்டிருக்கிறது.

இவ்வுண்மை ஐரோப்பியரின் கவனத்தை ஈர்த்த வரலாறு சுவையானது. குடியேற்றநாட்டுச் செயலாளராக விளங்கிய எமர்சன் தெனன்ற் 1859இல் வெளியிட்ட 'இலங்கை' என்னும் நூலில் யாழ்ப்பாணத்துக் கிணறுகளைப் பற்றி விரிவாக எழுதினார். புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணறு அவரது வியப்புக்குரியதாயிற்று. பவளத்தீவுகளின் கிணறுகளில் நன்னீர் உவர்நீரின் மீது மிதந்து வற்றுப்பெருக்குக்கேற்ப ஏறியிறங்குவதாக சார்ள்ஸ் டார்வின் கீலிங் தீவுகளைக் கண்டபின் கூறியிருந்த விளக்கத்தை அவர் இங்கே நினைவுகூர்ந்தார். பின்னர் நெதர்லாந்துப் பொறியியலாளர் கைபென் 1880களின் இறுதியிலும், செருமானியரான ஹேர்ஸ்பேக் 1901இலும் இவ்வுறவைக் கணித வடிவில் நிறுவினர்.

அக்கணிதம் எளிமையானது. நன்னீரின் அடர்த்தி 1.000 எனக் கொண்டால் கடல்நீரின் அடர்த்தி ஏறத்தாழ 1.025 ஆகும். அடர்த்தி வேறுபாடு நாற்பதில் ஒரு பங்கு. எனவே, கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால் கடல்மட்டத்துக்குக் கீழே அது நாற்பதடி ஆழத்துக்கு உவர்நீரை அழுத்தி வைத்திருக்கும். இதன் மறுதலையே எமக்கு முக்கியமானது. இறைப்பினால் நீர்மட்டம் ஓரடி தாழ்ந்து அந்நிலையிலேயே நீடிக்குமாயின், கீழேயுள்ள உவர் எல்லை காலப்போக்கில் நாற்பதடி மேலெழும். மேலே கண்ணுக்குத் தெரிவது ஓரடி இழப்பு. கீழே கண்ணுக்குத் தெரியாமல் நிகழ்வது அதன் நாற்பது மடங்கு.

நிலாவரைக் கிணற்றின் மேற்பகுதி நன்னீராகவும் ஆழம் செல்லச் செல்ல உவர்நீராகவும் இருப்பது இவ்வமைப்பின் வெளிப்பாடே. வானரப் படையின் தாகந் தீர்க்க இராமன் அம்பெய்து உண்டாக்கியது அது என்பது ஐதிகம். கடலோரத்திலே நன்னீர் சுரக்கும் கீரிமலை, நகுல முனிவரின் கீரிமுகத்தையும் மாருதப்புரவீகவல்லியின் குதிரைமுகத்தையும் நீக்கிய தீர்த்தமாகப் போற்றப்படுகிறது. உள்நாட்டில் பெய்த மழை சுண்ணக்கல் வழியே கடலை நோக்கிச் சென்று வெளிப்படும் வாயில்களுள் ஒன்றே அது. இக்கதைகளை மூடநம்பிக்கை என ஒதுக்குவது எளிது. ஆயின் உவரின் நடுவே நன்னீர் கிடைப்பது வியப்புக்குரியது, காக்கப்பட வேண்டியது என்னும் மக்கள் அனுபவம் இவற்றினுள் பொதிந்துள்ளது என்பதை மறத்தலாகாது.

3

இனி, நீரேரிகளை நோக்குவோம். மாரியில் வெள்ளம் பெருகி இவற்றின் உவர்ப்பைக் குறைக்கிறது. கோடையில் வெயிலும் சோழகக் காற்றும் நீரை ஆவியாக்க, கரைந்திருந்த உப்புகள் செறிகின்றன. கடல்நீரின் ஒவ்வொரு கிலோகிராமிலும் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் உள்ளன. அவற்றுள் முக்காற்பங்குக்கு மேற்பட்டது சோடியங் குளோரைட்டு, அதாவது நாம் உண்ணும் கறியுப்பு. கடல்நீர் வற்றும்பொழுது எல்லா உப்புகளும் ஒருங்கே படிவதில்லை. நீர் ஏறத்தாழ அரைவாசியாகும்போது கல்சியங் காபனேற்று படியத் தொடங்குகிறது. ஐந்திலொன்றாகும்போது கல்சியஞ் சல்பேற்றாகிய உறைகளிக்கல் பிரிகிறது. பத்திலொன்றாகும்போதே கறியுப்புப் பளிங்காகிறது. எஞ்சி நிற்பது மகனீசிய, பொற்றாசிய உப்புகள் நிறைந்த கசப்புநீர். இவ்வொழுங்கினை உசிக்லியோ என்பவர் மத்தியதரைக் கடல்நீரைக் கொண்டு 1849இல் பரிசோதித்துக் காட்டினார். ஆயின் உப்பளத் தொழிலாளி அதற்குப் பன்னூறாண்டுகளுக்கு முன்னரே இதனை அறிந்திருந்தான். நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றுவதும், உப்புப் படிந்ததும் கசப்புநீரை வெளியேற்றுவதும் அவ்வறிவின் செயல்வடிவமே. தாமதித்தால் உப்புக் கசக்கும், முந்தினால் உறைகளிக்கல் கலக்கும்.

செறிந்த உவர்நீர் மேலே மட்டும் நின்றுவிடுவதில்லை. அது கனமானது. ஏரியின் அடியிலுள்ள வெடிப்புகளினூடாகக் கீழிறங்கி, அயலிலுள்ள நன்னீருக்கு அடியிற் புகும் இயல்புடையது. மேற்கூறிய கணிதத்தை இங்கு மீண்டும் பயன்படுத்துவோம். உவர்நீரின் அடர்த்தி 1.05 ஆக உயர்ந்தால், ஓரடி நன்னீர் அழுத்தி வைத்திருக்கக் கூடிய ஆழம் நாற்பதடியிலிருந்து இருபதடியாகக் குறையும். 1.10 ஆனால் பத்தடியாகும். உப்புப் படியும் செறிவாகிய 1.2ஐ அண்மித்தால் ஐந்தடியே எஞ்சும். அசைவற்ற நீருக்கான இக்கணக்கை ஓடும் நீருக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆயினும் அது காட்டும் திசை தெளிவானது. கடலோரக் கிணற்றை விட, வற்றிச் செறிந்த ஏரியின் ஓரத்துக் கிணறு கூடிய ஆபத்துக்கு உட்பட்டது.

இவ்வெல்லை மனிதச் செயலால் எவ்வளவு தூரம் நகரக்கூடும் என்பதற்குச் சாக்கடல் உலகறிந்த எடுத்துக்காட்டாகும். யோர்தான் நதியின் நீர் மேற்பகுதியிலேயே திருப்பப்பட்டமையாலும், கனிப்பொருட் கைத்தொழில்கள் பெருமளவு நீரை ஆவியாக்கியமையாலும் அதன் மட்டம் ஆண்டுக்கு ஒரு மீற்றருக்கு மேல் தாழ்ந்து வருகிறது. ஏரி பின்வாங்க, நிலத்தடியிலே உவர்நீரின் எல்லையும் பின்வாங்குகிறது. அவ்விடத்தை நிரப்ப வரும் நன்னீர், புதையுண்டு கிடந்த உப்புப் படைகளைக் கரைக்கிறது. இதன் விளைவாகக் கரையோரமெங்கும் ஆயிரக்கணக்கான குழிகள் திடீரென வாய்பிளந்துள்ளன. அங்கே நன்னீர் முன்னேறுவது அழிவாயிற்று, இங்கே உவர்நீர் முன்னேறுவது அழிவாகிறது. இரண்டிலும் எல்லையை நகர்த்தியது நீரைப் பங்கிடும் அதிகாரமே.

4

குடாநாட்டின் வரலாற்றிலே நீரேரியின் உவர்ப்பு முதலில் செல்வமாகவே கருதப்பட்டது. உமணர் உப்பை வண்டிகளில் ஏற்றிச் சென்று நெல்லுக்கு மாற்றியமையைச் சங்கச் செய்யுள்கள் காட்டுகின்றன. விளைநிலத்துக்கும் உவர்நிலத்துக்கும் இடையே நிகழ்ந்த மிகப் பழைய பண்டமாற்றுகளுள் அதுவும் ஒன்று. ஒல்லாந்தர் காலத்திலே, பதினெட்டாம் நூற்றாண்டில், மயில்வாகனப் புலவர் இயற்றிய 'யாழ்ப்பாண வைபவமாலை'யில் இடம்பெறும் தொண்டைமான் கதை இத்தொடர்பில் நோக்கத்தக்கது. கரணவாய்ப் பகுதியில் விளையும் உப்பைப் பெறுவதற்காக வந்த தொண்டைமான், மரக்கலங்கள் உள்ளே வருவதற்கு வசதியாகக் கழிமுகத்தை வெட்டி ஆழமாக்கினான் என்பதும், தொண்டைமானாறு என்னும் பெயர் அதனால் வந்தது என்பதும் அம்மரபு. தொண்டைமான் யார், அவன் காலம் எது என்பன விவாதத்துக்குரியவை. ஆயின் கதையின் உட்பொருள் விவாதத்துக்கு அப்பாற்பட்டது. வடமராட்சி நீரேரியின் கடல்வாய் உப்பு வணிகத்தின் பொருட்டு மனிதக் கைகளால் திறக்கப்பட்டது என்றே மக்கள் நினைவு கூறுகிறது. இருபதாம் நூற்றாண்டிலே அதே வாய் நன்னீரின் பொருட்டு மனிதக் கைகளால் அடைக்கப்பட்டது. இவ்விரு செயல்களுக்கும் இடையில் கிடப்பதே நாம் ஆராயும் வரலாறு.

குடியேற்ற ஆட்சியில் உப்பு வரியின் ஊற்றாயிற்று. ஒல்லாந்தக் கும்பனியும் பின்னர் ஆங்கில அரசும் உப்பைத் தமது ஏகபோகமாக்கின. விளைவிப்போர் குறித்த விலைக்கு அரசுக்கு விற்க, அரசு அதனைப் பன்மடங்கு விலைக்கு மக்களுக்கு விற்றது. நீரேரியின் ஓரத்திலே தானாக விளைந்த உப்பை ஏழை ஒருத்தி ஒரு கடகத்தில் அள்ளுவது குற்றமாயிற்று. இந்தியாவிலும் இதுவே நிகழ்ந்தது. இராசபுத்தானத்தின் சாம்பர் உப்பேரியை ஆங்கில அரசு 1870ஐ ஒட்டி ஜெய்ப்பூர், ஜோத்பூர் அரசுகளிடமிருந்து குத்தகைக்குப் பெற்றது. 1930 ஏப்பிரலில் இராஜகோபாலாச்சாரியார் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரணியத்துக்கு நடந்து சென்று உப்பள்ளிய இடம், பாக்கு நீரிணைக்கு அப்பால் யாழ்ப்பாணத்துக்கு எதிர்க்கரையிலேயே உள்ளது. இயற்கை பொதுவில் விளைவித்ததை அரசு தனதாக்கிக்கொள்வது எத்தகைய அநீதி என்பதை அப்போராட்டம் எளிய மக்களுக்கு விளங்கவைத்தது.

1930களின் பிற்பகுதியில் ஆனையிறவு உப்பளம் உருவாகியதோடு உப்புத்தொழில் கூலியுழைப்பை அடிப்படையாகக் கொண்ட பெருந்தொழிலாயிற்று. போர் மூண்டதும் 1990ஐ ஒட்டி அது செயலிழந்தது. ஆனையிறவு என்னும் பெயர் அதன்பின் உப்பை விட்டு 1991, 2000, 2009 ஆகிய ஆண்டுகளின் சமர்களையே நினைவூட்டலாயிற்று. போருக்குப் பின்னர் உப்பளம் மீண்டும் இயங்கத் தொடங்கியது. 2025 மார்ச்சில் அங்கே மேசையுப்புத் தொழிற்சாலை திறக்கப்பட்டபொழுது, அவ்வுப்புக்கு இடப்பட்ட சிங்களப் பெயர் பற்றிக் கடும் எதிர்ப்பு எழுந்தது. அதே ஆண்டு மே மாதத்தில் தொழிலாளர் தமது வேலை நிலைமைகளை முன்வைத்துப் போராட்டத்தில் இறங்கினர். பெயர் பற்றிய எதிர்ப்பு நியாயமானதே. ஆயினும் உப்பின் பெயர் எழுப்பிய ஆரவாரத்தில் ஒரு பகுதியையேனும் உப்பெடுப்போரின் கைகளும் கால்களும் எழுப்பவில்லை என்பதை முற்போக்காளர் சிந்தித்தல் வேண்டும்.

5

உப்பை அரசு உடைமையாக்கியது போன்று நன்னீரை நிலவுடைமையாளர் உடைமையாக்கினர். கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும் காணி உறுதிகளில் எழுதப்பட்டன. சீதனமாகவும் முதுசமாகவும் கைமாறும்பொழுது கிணற்றின் பங்கு பின்னங்களாகப் பிரிந்தது. இவ்வாறு ஒவ்வொரு கிணறும் தனியுடைமையாக இருக்க, அவை அனைத்தும் இறைத்தது பிரிக்கவொண்ணாத ஒரே நீர்வில்லையிலிருந்தாகும். உறுதி நிலத்தின் மேற்பரப்பைப் பிரித்தது. நிலத்தடி நீர் அப்பிரிவினையை அறியாது. இம்முரண்பாடே குடாநாட்டு நீர் வரலாற்றின் அடிப்படை முரண்பாடு எனலாம்.

செம்மண் தோட்டங்களில் புகையிலை பணப்பயிராக வளர்ந்தபொழுது இம்முரண்பாடு கூர்மையடைந்தது. ஒல்லாந்தர் காலந்தொட்டு யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூர்ச் சந்தைக்குச் சென்றது. அதற்கு இடையறாத இறைப்பு வேண்டியிருந்தது. துலா மிதிப்பவர், பட்டை பிடிப்பவர், தண்ணீர் மாறுபவர் என விடியுமுன் தொடங்கும் அவ்வுழைப்பிலே ஒடுக்கப்பட்ட சாதியினரின் உழைப்புப் பெரும் பங்கு வகித்தது. 1844இல் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்ட பின்னரும் நிலமின்மை அவர்களை அதே துலாவில் கட்டி வைத்தது. நாள் முழுதும் பிறர் தோட்டத்துக்கு நீர் இறைத்தவன், மாலையில் தன் வீட்டுக்குக் குடிநீர் வேண்டும்போது அக்கிணற்றைத் தீண்டலாகாது. உயர்சாதியார் ஒருவர் அள்ளி ஊற்றும் வரை குடத்துடன் காத்து நிற்றல் வேண்டும். உற்பத்தியின்போது தீட்டாகாத கை, நுகர்வின்போது தீட்டாயிற்று. சாதி வெறும் கருத்துநிலை அன்று, உற்பத்திச் சாதனத்தின் மீதான ஆதிக்கத்தைக் காக்கும் ஏற்பாடு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இங்கே நிலத்தடி நீரின் வடிவத்தை மீண்டும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். வில்லை நடுவில் தடித்தது, ஓரத்தில் மெல்லியது. தடித்த நடுப்பகுதியில் செம்மண் தோட்டங்களும் நிலமுடையோரும் இருந்தனர். மெல்லிய ஓரங்களில், தரவைகளிலும் நீரேரிக் கரைகளிலும், மீனவரும் ஒடுக்கப்பட்ட மக்களும் பல இடங்களிற் குடியிருந்தனர். இது விதிவிலக்கற்ற பொதுமை அன்று. ஆயினும் இவ்வமைப்பு நிலவிய இடங்களிலே, நடுவில் ஏற்படும் மிகை இறைப்பின் விளைவு முதலில் ஓரத்துக் கிணற்றிலேயே சவராக வெளிப்படும். தோட்டக்காரனின் இலாபமும் கரையோரத்தாளின் உவர்த் தண்ணீரும் ஒரே நிகழ்வின் இரு முகங்களாயின.

1957இன் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் தீண்டாமைச் செயல்களைக் குற்றமாக்கியது. ஆயின் சட்டப் புத்தகத்திலிருந்து கிணற்றடிக்கு வருவதற்கு அது மக்களின் போராட்டத்தை வேண்டி நின்றது. 1966 ஒக்ரோபர் 21ஆந் திகதி சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலமும், அதனைத் தொடர்ந்து தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் நடத்திய தேநீர்க்கடை, ஆலயப் பிரவேசப் போராட்டங்களும் அவ்வழியிலே முக்கிய கட்டங்களாகும். இவ்வரலாற்றை ஆவணங்களை விட ஆழமாகப் பதிவு செய்தது இலக்கியமே. கே. டானியல் தமது 'பஞ்சமர்' வரிசை நாவல்களுள் ஒன்றுக்குத் 'தண்ணீர்' என்றே பெயரிட்டார். தண்ணீர் என்னும் சொல் யாழ்ப்பாணத்துச் சூழலில் ஓர் அரசியற் சொல் என்பதை அப்பெயர் உணர்த்துகிறது. கலைக்குறைபாடு கூறி அவ்வெழுத்துகளை ஒதுக்கிய விமர்சகர்கள், அவை எந்தக் கிணற்றடியிலிருந்து எழுந்தன என்பதைக் கவனித்திலர்.

6

நீரேரிகளை நன்னீராக்கும் எண்ணம் இப்பின்னணியிலேயே வளர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வடமாகாண அரசாங்க அதிபராயிருந்த துவைனம் காலத்திலும், பின்னர் சட்டநிருபண சபை உறுப்பினர் கே. பாலசிங்கம் போன்றோராலும் இது வற்புறுத்தப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணைகள் அமைக்கப்பட்டன. 1954இல் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என அறியப்படும் திட்டத்தை முன்வைத்தார். ஆனையிறவு நீரேரியை இருபுறமும் கடலிலிருந்து பிரித்தல், கனகராயன் ஆறு முதலிய வன்னி ஆறுகள் கொண்டுவரும் மாரிவெள்ளத்தை அங்கே தேக்குதல், முள்ளியான் வழியாக வெட்டப்படும் கால்வாயினூடாக அதனை வடமராட்சி நீரேரிக்கும் அதிலிருந்து உப்பாற்று நீரேரிக்கும் விடுதல் என்பனவே அதன் சாரம்.

விஞ்ஞான நோக்கில் இத்திட்டத்தின் அடிப்படை வலுவானது. ஏரியிற் கனமான உவர்நீருக்குப் பதிலாக நன்னீர் நின்றால், அயலிலுள்ள நிலத்தடி நீர்வில்லை பக்கவாட்டு நெருக்குதலிலிருந்து விடுபட்டுத் தடிக்கும். ஓரத்துக் கிணறுகளும் இனிக்கும். ஆயின் ஏரியின் அடியிலும் மண்ணிலும் பன்னூறாண்டுகளாகப் படிந்த உப்பு ஒரு மாரியில் நீங்கிவிடாது. ஆண்டுதோறும் மாரியில் கழுவி வெளியேற்றி, கோடையில் கடல் புகாது காத்தல் வேண்டும். கதவுகளை உரிய வேளையில் திறப்பதும் மூடுவதும் இதற்கு இன்றியமையாதவை. கட்டுமானம் ஒரு முறை செய்யும் வேலை. உவர் எல்லையைக் காப்பதோ ஒவ்வோராண்டும் செய்யவேண்டிய கூட்டுவேலை.

அதுவே நிகழவில்லை. 1960களில் வேலைகள் தொடங்கிய போதிலும் சுண்டிக்குளப் பக்கத்து அணை வெள்ளத்தில் உடைந்தது. முள்ளியான் கால்வாய் முற்றுப்பெறவில்லை. தடுப்பணைகளின் கதவுகள் பராமரிப்பின்றி உக்கின. பின்னர் போர் வந்தது. இத்தோல்விக்குக் கொழும்பு அரசின் புறக்கணிப்பைக் காரணமாகக் கூறுவது வழக்கம். அதில் உண்மை உண்டு. ஆயின் அது முழு உண்மை அன்று. நீரேரி நன்னீராவதில் அனைவர்க்கும் ஒரே நலன் இருக்கவில்லை. உவர்நிலத்தைப் பயிர்நிலமாக்க விரும்பியவர் காணியுடையோர். இறாலையும் மீனையும் நம்பியிருந்தோருக்கு உவரே வாழ்வு. ஆனையிறவிலே உப்புத் தொழிலாளிக்கு ஏரி நன்னீராவது வேலையிழப்பு. குடிநீர் தேடி அலைந்த கரையோரப் பெண்ணுக்கோ அது விடுதலை. திட்டத்தின் வரைபடங்களிலே ஏரிகளும் அணைகளும் இருந்தன. இம்மக்கள் இருக்கவில்லை. மக்களை ஒன்றிணைக்கும் பொது அமைப்பு எதுவும் அதன் பகுதியாகக் கருதப்படாமையால், கதவைக் காக்கவும் ஆளின்றிப் போயிற்று.

7

இதற்கிடையில் எல்லை கீழிருந்து நகர்ந்துகொண்டிருந்தது. 1950கள், 1960களில் நீரிறைக்கும் இயந்திரங்கள் துலாவை அகற்றின. துலாவின் வேகத்துக்கு மனித உடல் ஓர் எல்லையை விதித்திருந்தது. இயந்திரம் அவ்வெல்லையை அகற்றியது. அடிமைத்தனமான உழைப்பிலிருந்து மனிதனை விடுவித்தது என்னும் அளவில் அது முன்னேற்றமே. ஆயின் தனியுடைமை உறவுகளின் கீழே அது நீர்வில்லையின் மீதான போட்டியாக மாறியது. 1970 முதல் 1977 வரையிலான இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் மிளகாயும் வெங்காயமும் பெரும் இலாபம் தந்தன. இறைப்புக் கூடியது, இரசாயன உரமும் கூடியது. சுண்ணக்கல் மழைநீரை விரைந்து உட்கொள்வது போன்றே உரத்தையும் உட்கொண்டது. குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்றின் அளவு உலகச் சுகாதார நிறுவனம் இலீற்றருக்கு 50 மில்லிகிராம் என வகுத்த எல்லையைக் கடந்துள்ளமையை 1980கள் முதலான ஆய்வுகள் காட்டியுள்ளன. மண்ணுக்கும் மனிதனுக்கும் இடையிலான வளர்சிதை மாற்றத்தை முதலாளித்துவ வேளாண்மை குலைக்கிறது என மார்க்ஸ் சுட்டியதற்கு எமது கிணறுகளே சான்றாகின்றன. சுன்னாக மின்நிலையச் சூழலில் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை தொடர்பாக உயர் நீதிமன்றம் 2019இல் இழப்பீடு வழங்க ஆணையிட்டமையும் இவ்வரலாற்றின் தொடர்ச்சியே.

நிலத்தடி நீர் நம்பிக்கையிழந்ததும் வெளியிலிருந்து நீர் கொணரும் முயற்சி தோன்றியது. இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் குழாய்வழி அனுப்பும் திட்டத்தைக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தனர். அதனைப் பிரதேசவாதம் எனக் கண்டித்தோர் உளர். தண்ணீரைப் பயன்படுத்துவோரைக் கலந்துகொள்ளாது தண்ணீரைப் பங்கிட முனைந்தமையே அதன் வேர் என நாம் கருதுகிறோம். பின்னர் வடமராட்சி கிழக்கில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் நிறுவப்பட்டு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் அதன் கொள்ளளவு. இவ்வகை நிலையங்கள் உட்கொள்ளும் கடல்நீரில் அரைவாசிக்குக் குறைவானதையே நன்னீராக்குகின்றன. எஞ்சியது ஏறத்தாழ இருமடங்கு உவர்நீராகக் கடலுக்கே திரும்புகிறது. அக்கடலிலே தொழில் செய்யும் மீனவர் ஆட்சேபித்தமை இயல்பே. நன்னீரும் உவர்நீரும் ஒன்றையொன்று உறவாகக் கொண்டவை, ஒன்றை எங்கேனும் பெருக்கினால் மற்றையது வேறெங்கேனும் பெருகும் என்னும் பழைய உண்மை புதிய இயந்திரத்தினூடாகவும் வெளிப்படுகிறது.

8

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கினால் சில முடிபுகள் பெறப்படும். யாழ்ப்பாணத்தின் உவர் எல்லையை உப்பு வணிகம் திறந்தது, பணப்பயிர் உயர்த்தியது, அணை தடுக்க முயன்றது, போர் கைவிட்டது, இயந்திரம் மீண்டும் உயர்த்தியது. ஒவ்வொரு கட்டத்திலும் நீரின் விதி ஒன்றே. மாறியவை உடைமை உறவுகளும் அவற்றுக்கேற்ப மாறிய நீரின் பயனுமே. விற்போகல் கண்ட சமுதாயத்தில் பெரும் நீர்வேலை பெரும் அரசை வேண்டிற்று. யாழ்ப்பாணத்தில் ஒரே நீர்வில்லையை ஆயிரக்கணக்கான தனியுடைமைகள் பங்கிட்டன. அவற்றை ஒருங்கிணைக்கும் அதிகாரம் மன்னனிடத்துமில்லை, மக்களிடத்துமில்லை. இவ்வெற்றிடத்தை நிரப்பியது சாதியாதிக்கமே. நீரியல் சமுதாயம் பற்றிய விவாதம் இதுவரை கணக்கிலெடாத வகைமாதிரி இது.

நடைமுறையிலும் இதற்குப் பொருளுண்டு. வடமராட்சி நீரேரித் திட்டமும் ஆறுமுகத்தின் திட்டமும் இன்று மீண்டும் பேசப்படுகின்றன. அவற்றை நாம் எதிர்க்கவில்லை. ஆயின் நீர்வில்லை பொதுவுடைமை என்பது சட்டத்தாலும் நடைமுறையாலும் ஏற்கப்படாதவிடத்து, ஏரி நன்னீரானாலும் அந்நன்னீர் கூடிய குதிரைவலு இயந்திரம் உடையவனின் தோட்டத்துக்கே செல்லும். தோட்டக்காரர், மீனவர், உப்புத் தொழிலாளர், ஓரத்துக் கிணற்றையும் குழாயடியையும் நம்பியிருக்கும் பெண்கள் ஆகியோர் சமமாக அமரும் ஓர் அவை, எவ்வளவு இறைப்பது, எப்போது கதவு திறப்பது, எந்த ஏரியை உவராக விடுவது என்பவற்றைத் தீர்மானித்தல் வேண்டும். கைபென் கணித்த நாற்பதடி எவர் உறுதியையும் பார்த்து நிற்பதில்லை. அதனைப் பார்த்து எமது உறுதிகளைத் திருத்தி எழுதுவதே எஞ்சியுள்ள பணியாகும்.